ஆண்டறிக்கை: இரண்டு படியும் ஒரு தராசும்

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும், வராமல் இருந்துவிட்டு அப்புறம் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கப்போகிறவர்களுக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து நம் சாட்ஸ்வர்த்தில் தமிழ் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பிரதி தனியாக இருக்கிறது.

காவடித் தண்ணீர்ப்பந்தல், புரட்டாசி அன்னதானம் எல்லாம் வழக்கம்போல நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தைத் தின்றது பக்கத்துக் கிளினிக்தான்.

சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த நம் மூத்த அங்கத்தினர் மாதாமாதம் மாத்திரைக்குப் போகிற இடம் அது. வாசலில் இரண்டு படி. நாற்காலியில் வருகிறவர் எப்படி ஏறுவது என்று கேட்டதற்கு, "பக்கத்தில் சரிவுப்பாதை இருக்கிறதே" என்று பதில் வந்தது. சரி என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். ஏற வேண்டிய உயரம் 34 சென்டிமீட்டர், பாதையோ ஒன்றரை மீட்டர்தான். நம் நாட்டுக் கட்டட விதிப்படி 1 பங்கு ஏற 12 பங்கு நீளம் வேண்டும், அதாவது நாலு மீட்டருக்கு மேல். மூன்று கடிதம் எழுதினோம், பதில் இல்லை. நாலாவதை அவரே சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது கைப்பிடியோடு புதுப் பாதை இருக்கிறது.

உள்ளே போனால் வேறு கதை. சிஸ்டர் அவரிடம் கேட்காமல், நாற்காலியைத் தள்ளிவந்த மகளிடம் "இவருக்கு எங்கே வலி?" என்கிறார். "கால்தான்மா போச்சு, வாய் இருக்கு" என்றார் பெரியவர். ஏறி நிற்கிற தராசு மட்டுமே இருந்ததால் அட்டையில் பழைய எடையையே, 78 கிலோ என்று, ஒவ்வொரு மாதமும் எழுதி வந்திருக்கிறார்கள். இரண்டு காலும் இருந்தபோது எடுத்த எடை அது! கோயில் மடப்பள்ளியில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் அவரை நாற்காலியோடு ஏற்றி, அப்புறம் நாற்காலியை மட்டும் நிறுத்துக் கழித்துப் பார்த்தோம், 65. எடையைப் பார்த்து அளவு தீர்மானிக்கிற மருந்துகள் உண்டு என்பதால் எனக்கு இது படியைவிடப் பெரிய குறையாகவே பட்டது. அந்த மாதிரித் தராசு ஒன்றைக் கிளினிக்குக்கு வாங்கித்தர செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

2023-இல் சைகை மொழி நாட்டின் 12-ஆவது ஆட்சி மொழியானது, ஆனாலும் அங்கே பெயரைக் கத்தித்தான் கூப்பிடுகிறார்கள். காது கேளாத நம் அக்கா ஒருவருக்கு இரண்டு தடவை தன் முறை தவறிப்போனது. எண்ணை அட்டையில் எழுதிக் காட்டச் சொன்னோம், இப்போது காட்டுகிறார்கள், ஞாபகம் இருக்கும் நாளில்.

சக்கர நாற்காலிக்கான கழிப்பறையில் இன்னும் வாளியும் துடைப்பமும்தான் இருக்கின்றன, சாவி எங்கே என்று காவலாளிக்கும் தெரியவில்லை. ஐந்தாவது கடிதம் மேசைமேல் இருக்கிறது, டீக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

செயலாளர்