இல்லத்துப் பிள்ளைகள் கேட்கத் தயங்குவது

ஆசிரியருக்கு வணக்கம்.

திண்டுக்கல்லில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பின் தெருவில் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பிரியாணி வரும், தீபாவளிக்கு இனிப்பு குவியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதுதான் ஒருவரையும் காணோம்.

போன வருடம் சீருடைக்கு அளவெடுக்கப் போனேன். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி, நான் டேப்பைச் சுருட்டும் வரை காத்திருந்து, காதோரம் வந்து, "அக்கா, சிம்மிஸ் தைச்சுத் தருவீங்களா?" என்றாள். அன்றிலிருந்து மிச்சத் துணி எதையும் வீசுவதில்லை. வாடிக்கையாளர்கள் பழைய பேப்பர் விற்ற காசைக் கடை உண்டியலில் போடுகிறார்கள். அதில் மாதாமாதம் நாப்கினும், பிய்ந்துபோன செருப்புக்கு மாற்றும் வாங்குகிறோம்.

கொடுக்க நினைப்பவர்கள் முதலில் என்ன தேவை என்று கேளுங்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது, வங்கி வழியே அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள்: இலையில் சோறு ஆறும்போது பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். பெரிய பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

- தையல்காரர் ஒருவர், திண்டுக்கல்