மர ஆர்வலர் மன்றம், குலசேகரம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு எட்டுக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு மழையில் நின்றுபோயின. உறுப்பினர் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் எழுந்து போய்விட வேண்டாம்.

ஆண்டு முழுக்கப் பேச்சு காற்றைப் பற்றித்தான். ஆடி மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் தம் விளையில், அதாவது தோட்டத்தில், விழுந்த ரப்பர் மரங்களின் படங்களைக் காட்டினார். சில வேரோடு சாய்ந்தவை, சில ஆளுயரத்தில் ஒடிந்தவை. ஒரே விளை, ஒரே காற்று, பிறகு ஏன் இரண்டு விதம் என்று கேட்டார். மண் ஊறியிருந்தால் வேர் முதலில் விட்டுக்கொடுக்கும். வேர் பிடித்துக்கொண்டால் அடிமரத் தடி ஒடியும். சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் ரப்பரின் தாய்வீடு அமேசான் ஆயிற்றே, அங்கே எப்படி என்று பேச்சு வளர்ந்தது.

பூமத்திய ரேகையை ஒட்டிப் புயல் சுழலாது. அங்கே ஆபத்து இடிமேகத்திலிருந்து வருகிறது. குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே கொட்டி, தரையில் மோதி விசிறிபோல் விரியும். 2005 ஜனவரி 16 முதல் 18 வரை, சுமார் 1000 கி.மீ. நீளமுள்ள இடிமழை வரிசை ஒன்று அமேசானைக் கடந்தது; காற்று மணிக்கு 145 கி.மீ. வரை வீசியது. பிரேசிலின் மனாவுஸ் நகர வட்டாரத்தில் மட்டும் 3 முதல் 5 லட்சம் மரங்கள் மடிந்ததாகப் பிற்பாடு கணக்கிட்டார்கள். அதுவரை அந்த ஆண்டின் வறட்சி மீதுதான் பழி. மனாவுஸ் பக்கம் வறட்சி அவ்வளவு கடுமையே இல்லையாம்.

இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "என் அயனி மரம் ஒக்கிக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் பட்டுப்போச்சு. கரையான்னுதான் நானும் சொல்லிட்டிருந்தேன்" என்றார். யாரிடமும் பதில் இல்லை.

ஐப்பசிக் கூட்டத்தில் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே மழைக்காட்டைப் பற்றிப் பேச்சு. புயல் வந்தால் அங்கே மென்மரமான செக்ரோப்பியா சட்டென்று ஒடிந்துவிடும். தபனூக்கோ என்ற மரம் பக்கத்து மரத்தின் வேரோடு தன் வேரை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கும். மலைப்பனை ஓலையை உதறிவிட்டுத் தப்பிக்கும். 1989இல் ஹ்யூகோ புயல் வந்தபோது உறுதியான மரங்கள் பெரும்பாலும் தாங்கின. 2017 செப்டம்பர் 20 மரியா புயலில் அவையும் நிறைய ஒடிந்தன. ஹ்யூகோவைப்போல இரண்டு மடங்கு மரங்கள் மடிந்தன. எனக்கு அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

நம் பக்கத்துக் காட்டுக்குள் போய்ப் பார்க்க அனுமதி கிடைப்பதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது. சரி என்று, ஒக்கியில் சாய்ந்த ஒரு பலாவைப் பார்க்க உறுப்பினரின் விளைக்கே போனோம். நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு ஆளுயரம். ஆனால் வேர் முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்கவே இல்லை. படுத்த தடியில் ஆறு கிளைகள் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கின்றன, ஒன்றில் பிஞ்சும் உண்டு. வெயில் விழுந்த இடத்தில் வட்டக்கண்ணி மரக்கன்றுகள் மண்டிக் கிடக்கின்றன.

பாதி ஒடிந்து இன்னும் நிற்கும் மரங்களை அவரவர் எழுதிவைக்க ஒரு நோட்டுப் போட்டோம். பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். நோட்டு இப்போது யாரிடம் என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் தயவுசெய்து சாயா இடைவேளையில் என்னிடம் கொடுத்துவிடவும்.

செயலாளர்