தம்பியை ஆண்டவரிடம் விடு, நீ அக்காவாக இரு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், எனக்கும் அதற்குமேல் வார்த்தை வருவதில்லை, அதனால்தான் கடிதம். "தம்பி இப்படிக் குடித்துச் சீரழிந்துகொண்டிருக்கிறான், நீங்களும் அம்மாவும் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கிறீர்களே, எப்படி முடிகிறது?" என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஒன்றும் நடக்காததுபோல நாங்கள் இல்லை. உன் அம்மா விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்பது எதற்காக என்று உனக்கே தெரியும். ஆனால் அவனைத் திருத்துகிற வேலையை நாங்கள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை, அது உண்மை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அவன் வந்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து நானும் அவனும் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். அவன் போன் அதிர்ந்தது, திரையில் உன் பெயர். எடுத்துப் பார்க்கவில்லை, கவிழ்த்து வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதிர்ந்தது, அப்புறம் இன்னொரு தடவை. நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே, "அக்காதான்ப்பா. வசனமா இருக்கும், இல்லாட்டி ஏதாவது மறுவாழ்வு மையத்தோட நம்பரா இருக்கும்" என்றான். கோபமே இல்லை குரலில், கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. போனை விரலால் தள்ளிக்கொண்டே, "அக்கா எங்கிட்ட சாதாரணமா பேசி ரொம்ப நாளாச்சுப்பா" என்றான். அதைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ செய்ததெல்லாம் பாசத்தில் செய்தது. பாட்டிலை எடுத்துக் கொட்டியது, பைபிளின்மேல் கைவைத்து சத்தியம் வாங்கியது, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போதகரை வீட்டுக்கே அழைத்து வந்தது, குடியிலிருந்து மீண்டவர்களின் சாட்சி வீடியோக்களை ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பியது எல்லாமே. பாசம் இல்லாதவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆனால் ஒன்று கவனித்தாயா? ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உன்னோடு இருந்த நெருக்கம் கொஞ்சம் குறைந்ததே தவிர, குடி ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. உன்னைப் பார்த்தாலே விசாரணைக்கு வந்தவன் மாதிரி உட்காருகிறான். என்ன பதில் சொன்னால் சீக்கிரம் எழுந்து போகலாம் என்பதுதான் அவன் யோசனை.

பவுல் எழுதியதை நீ ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவள். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்." நடுவதும் தண்ணீர் விடுவதும் நமக்கு உண்டு. விளையச்செய்வது நமக்கு இல்லை, பவுலுக்கே இல்லை. யோவான் 6:44-லும் பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான் என்றுதான் இருக்கிறது, அக்கா இழுக்காவிட்டால் என்று இல்லை. (சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.) கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேல் 36-ல் ஆண்டவர் சொல்வது தன்னுடைய வேலையைப் பற்றி. அந்த வேலையை நாம் செய்யப்போனால் கல்லைத் தட்டித் தட்டி அவனுக்கும் வலிக்கும், நம் கையும் போகும்.

மோனிக்கா அம்மாளின் கதையை முழுசாகக் கேட்டிருக்கிறாயா? கண்ணீரோடு ஜெபித்தாள், மகன் அகஸ்டின் (பிற்பாடு பெரிய பிஷப் ஆனவர்) திரும்பினான் என்று பிரசங்கத்தில் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நடுவில் நடந்ததுதான் முக்கியம். மகன் மானிக்கேயர் என்ற வேற்று மதக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான், ஒன்பது வருஷம் போல அதிலேயே கிடந்தான். அவள் ஒரு பிஷப்பிடம் போய், நீங்கள் அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அவன் சொல்வதெல்லாம் தப்பு என்று எடுத்துக் காட்டுங்கள் என்று கெஞ்சினாள். அவர் மாட்டேன் என்றார். அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, அப்படியே விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு, படித்துப் படித்து அவனே கண்டுபிடிப்பான் என்றார். சும்மா சொல்லவில்லை. அவரே சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர், யாரும் வாதாடி ஜெயிக்காமல் அவர்களுடைய புத்தகங்களைப் படித்தே வெளியே வந்தவர். அவள் விடாமல் அழுதாள். அவருக்கே சலித்துப்போய், போம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்த வாக்கியம் அப்படிச் சலிப்பில் வந்தது!

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கி.பி. 383-ல் அகஸ்டின் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜை விட்டு ரோமுக்குப் போகக் கிளம்புகிறான். போகவே கூடாது என்று அவள் துறைமுகம் வரை பிடித்துக்கொண்டு வருகிறாள். நண்பனை வழியனுப்ப வந்தேன், காற்று வரட்டும் என்று பொய் சொல்லி, அவள் பக்கத்து ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே ராத்திரியோடு கப்பல் ஏறிவிட்டான். அவள் அன்றைக்குக் கேட்டது என்ன? ஆண்டவரே, அவனைப் போகவிடாதேயும் என்பது. ஆண்டவர் போகவிட்டார். அந்தப் போக்கில்தான் அவன் மிலானுக்குப் போய் அந்த ஊர் பிஷப் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டான், 386-ல் மனம் திரும்பினான், 387 ஈஸ்டரில் அவர் கையாலேயே ஞானஸ்நானம் எடுத்தான். அன்றைக்கு அம்மா கேட்டதைக் கொடுக்காமல், அவள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் ஆண்டவர் கொடுத்தார் என்று அகஸ்டினே பின்னால் எழுதியிருக்கிறார். தம்பி வேலையை மாற்றிக்கொண்டு தூரமாகப் போனபோது "அங்கே போனால் அவ்வளவுதான்" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, எனக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வந்தது. அங்கே யார் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதே மோனிக்கா சிறு பெண்ணாக இருந்தபோது பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்து வரச் சொன்னால், ஒரு வாய் குடித்துப் பழகி, அது கிண்ணம் கிண்ணமாக ஆகிவிட்டதாம். வீட்டிலே கண்டிப்பான பெரியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் வேலைக்காரப் பெண் சண்டையில் அவளைக் "குடிகாரி" என்று திட்டிவிட்டாள். அந்த ஒரு சொல்லோடு மோனிக்கா குடியை விட்டாள். திட்டினவளுக்குத் திருத்தும் எண்ணமே கிடையாது, மனதைப் புண்படுத்தத்தான் சொன்னாள். ஆண்டவர் அதைக்கூட எடுத்துக்கொண்டார். உடனே இதையும் ஒரு வழியாக வைத்துக்கொண்டு அவனைத் திட்ட ஆரம்பித்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

ஆண்டவரிடம் விடு என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில் என்று நான் சொல்லவில்லை. நீ அன்றைக்கு "இன்றோடு ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்கினாய் அல்லவா, அது ஆபத்தான காரியம். வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம், அடுத்த நாட்களில் கை நடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, புத்தி தடுமாறுவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். விசுவாசத்துக்கும் இதற்கும் சண்டை எதுவும் இல்லை. அவனிடமும் இதை நான் சொல்லிவிட்டேன், நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிற அன்றைக்குச் சொல், மருத்துவமனைக்கு நான் கூட வருகிறேன் என்று. அவ்வளவுதான் சொன்னேன். தலையாட்டினான். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

பணம் கேட்டால் கொடுக்காதே. அவன் கடனை அடைக்காதே, உடம்பு சரியில்லை என்று அவன் மேலாளரிடம் அவனுக்காகப் பொய் சொல்லாதே. குடித்திருக்கும்போது உன் பிள்ளைகளை அவன் வண்டியில் ஏற்றாதே, இதில் இரக்கமே வேண்டாம். இதெல்லாம் அவனைத் திருத்துவதற்கு இல்லை, உன் வீட்டு வாசலை நீ காத்துக்கொள்வதற்கு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951-ல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களில் மூன்று விஷயம் சொல்லித்தருவார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, என்னால் இதைக் குணமாக்கவும் முடியாது. முடிந்தால் ஒரு கூட்டத்துக்குப் போய்வா. அவனுக்காகப் போகாதே, உனக்காகப் போ.

மாற்கு 10-ல் அந்தப் பணக்காரன் வருகிற இடத்தை நான் அடிக்கடி படிப்பேன். இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று இருக்கிறது. உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா என்று, சொல்ல வேண்டியதை ஒரே தடவை சொன்னார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு பின்னாலேயே ஓடவில்லை, நிபந்தனையைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, பேதுருவை அனுப்பி இன்னொரு தடவை பேசிப்பார் என்று சொல்லவும் இல்லை. அன்பு குறைந்ததாலா? இல்லை. நமக்குத்தான் நேசிக்கிறவனைப் போகவிட மனசு வருவதில்லை, போகவிட்டால் அவ்வளவுதான் முடிந்துவிட்டது என்று பயப்படுகிறோம்.

ஜெபத்தைப் பற்றி. நீ ஜெபிக்கும்போது ஆண்டவருக்கே வழி சொல்லிக் கொடுக்கிறாய், இந்த மாதத்துக்குள் இன்ன கூட்டத்தில் இன்ன மாதிரி அவனைத் தொடும் என்று. அப்புறம் எழுந்து வந்து, நடந்ததா என்று அவனையே சோதிக்கிறாய். மாற்கு 2-ல் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இறக்கின நாலு பேரை நினைத்துப் பார். அவர்கள் பட்ட பாடெல்லாம் இயேசுவின் முன்னால் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும்தான். அதற்கப்புறம் அந்த அதிகாரத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, மேலே இருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானும் அம்மாவும் அவனைத் தினமும் அப்படித்தான் கொண்டுபோய் வைக்கிறோம். வைத்துவிட்டு எழுந்து அன்றாட வேலையைப் பார்க்கிறோம். அதைத்தான் நீ "ஒன்றும் நடக்காததுபோல" என்று நினைத்துக்கொண்டாய்.

அவன் திரும்புவானா என்று கேட்டால், திரும்புவான் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சில ராத்திரிகளில் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனை என்னைவிட அதிகமாக நேசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவன் எங்கே விழுந்தாலும் அவருக்கு எட்டாத இடம் இல்லை என்று நம்புகிறேன், அந்த நம்பிக்கையில்தான் தூங்கப் போகிறேன். நீயும் தூங்கு. ராத்திரி இரண்டு மணிக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, கவலைப்பட்டுத்தான் சொன்னார். பிள்ளைகள் உன் முகத்தைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

அடுத்த மாதம் அவன் பிறந்தநாள் வருகிறது. ஒரு சட்டை வாங்கி அனுப்பு, உள்ளே சுவிசேஷக் கைப்பிரதி எதையும் வைக்காதே. பழைய அளவு பத்தாது, ஆள் கொஞ்சம் பருத்திருக்கிறான், அம்மாவிடம் கேட்டுக்கொள். அன்றைக்கு போன் பண்ணினால் சபைக்குப் போனாயா என்று கேட்காதே. சின்னவள் பள்ளியில் பண்ணுகிற சேட்டையைச் சொல், மாமாவிடம் பேச வேண்டும் என்று அவள் பிடுங்குவதைச் சொல், முடிந்தால் அவளிடமே போனைக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா