சனிக்கிழமை சாயங்காலம்

மாப்ள சாமுவேலு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் கோவில்பட்டியில் வேலை கிடைத்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் க்வயரில் பாடுவதை விட்டுவிட்டேன்.

சிரிக்காதே. 22 வருஷம் அடிக்குரலில் பேஸ் பாடியவன். அங்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது போன கிறிஸ்துமஸ் மெழுகுக்கறை கையில் அப்படியே இருந்தது. மாஸ்டர் முகம் கொடுத்தே பேசவில்லை.

நம் கணக்கு டீச்சர், அதுதான் உன் காதைத் திருகியவர்கள், இப்போது கண் தெரியாமல் தனியாக இருக்கிறார்கள். வேதம் வாசித்துக் காட்ட வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை சனிக்கிழமை ஊருக்குப் போய்விடும். எங்கள் பிராக்டிஸும் அன்றைக்குத்தான். மூன்று மாதம் இரண்டு பக்கமும் ஓடினேன். அங்கே கடிகாரத்தைப் பார்த்தேன், இங்கே சுருதியை விட்டேன்.

அப்புறம் டோனாவூர் போயிருந்தேன். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே பெண்கள் குழுவோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தவர். 1901இல் கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே பிள்ளைகள் வரவர, வண்டிப் பயணத்தைக் குறைத்துத் தொட்டில் ஆட்ட வேண்டியதாயிற்று. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருக்கே தோன்றியதாம். அவர் கல்லறையில் பெயர்க்கல் கிடையாது, பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான். அங்கே வெகுநேரம் நின்றேன்.

நான் பீடியை விட்டபோது சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? க்வயரை விட்டால் விசுவாசத்தில் பின்மாற்றமாம்! பிரசங்கமும் பாட்டும் பீடியா என்ன? நல்லதை விடும்போதுதான் ஏல, ஒருத்தருக்கும் புரிய மாட்டேன் என்கிறது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன வருஷம் சோலோவை ஒரு பொடியனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டவருக்காகத்தான் விட்டேனா, அந்தக் கோபத்தில் விட்டேனா? ராத்திரி முழிப்பு வந்தால் இதே யோசனைதான்.

போன வாரம் 121ஆம் சங்கீதம் முடிந்ததும் டீச்சர், "வாசிச்சது போதும், பாடு" என்றார்கள். பேஸை மட்டும் தனியாகப் பாடினால் என்ன ராகமென்று யாருக்குத் தெரியும்? கேட்டுவிட்டு, "நீ கணக்குப் போடுற மாதிரியே இருக்குடா" என்றார்கள்.

டிசம்பரில் வருவாய் அல்லவா? சனிக்கிழமையாகப் பார்த்து வா. நீ மேல்குரலில் டெனர் பாடினால் அது என்ன பாட்டு என்றாவது அவர்களுக்குத் தெரியும்.

உன்,
ஜெபா