வேரிலிருந்து மாற்றம் கேட்போரும் தீவிரவாதிகளும்: சட்டம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலான சட்டத்தை வரைவோருக்கு,

மதிப்பிற்குரியோரே,

1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டத்தின் நிழலில் தலைமுறைகளைக் கடத்திய மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ஆட்சிமுறையை வேரிலிருந்து மாற்றக் கோருவோரையும் தீவிரவாதிகளையும் ஒரே வரையறைக்குள் அடைத்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கோரிக்கை எவ்வளவு பெரியது என்பதை வைத்துத் தீவிரவாதத்தை அளக்க முடியாது. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய ஆட்சி அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க சர்வசன வாக்குரிமை கேட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்படப் பெருந்தலைவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். 1931இல் அதுவே நடைமுறைக்கு வந்தது. 1961இல் மட்டக்களப்புக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) முன் சத்தியாக்கிரகம் இருந்தோரும் சிங்களம் மட்டுமே என்ற அரசின் மொழிக்கொள்கையை அடியோடு மாற்றவே கேட்டார்கள். நிர்வாகத்தை மறித்தார்கள் என்பது உண்மை. ஆயினும் அதனால் வந்த துன்பத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கும் அவசரகாலச் சட்டமும் இராணுவமுமே பதிலாகக் கிடைத்தன.

நியாயமான கோரிக்கை, கையாளும் வழியை நியாயமாக்கிவிடாது என்பதையும் நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டது, தமிழர் உரிமையின் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் செய்த தீவிரவாதமே. பின்னர் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களை நடத்திய சஹ்ரானின் குழு 2017 மார்ச்சில் அதே ஊரில் சூபி முஸ்லிம்களோடு வாளேந்தி மோதியபோதே, மாற்றுக் கருத்துடையோரின் வாழும் உரிமையை மறுக்கும் மனம் வெளிப்பட்டுவிட்டது. அதை முதலில் கண்டு முறையிட்டவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. அம்முறைப்பாடுகளுக்கு உரிய கவனம் கிடைத்திருந்தால், அத்தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பைத் தடுத்திருக்கலாம் என்று நான் இன்றும் எண்ணுகிறேன்.

ஆனால் அரசு பின்னர் துரத்தியது கருத்தை. ‘தீவிரவாத மதக் கருத்தியல்’ கொண்டிருந்ததாகச் சந்தேகிக்கப்படுவோரை வழக்கு விசாரணையின்றிப் புனர்வாழ்வுக்கு அனுப்ப வழிசெய்த 2021ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளை உயர் நீதிமன்றமே 2023இல் செல்லுபடியற்றவையாக்கியது. அதே ஆண்டு நவம்பரில், மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் போராடும் பண்ணையாளர்களுக்கு ஆதரவளித்துத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள்.

ஆகவே புதிய வரையறை, மனித உயிருக்கு எதிரான வன்முறையையும் அதற்கான நேரடித் தூண்டுதலையும் மட்டுமே குறிக்கட்டும். கூட்டாட்சி கேட்பது, காணி நிர்வாகத்தை மாற்றக் கோருவது, வேலைநிறுத்தம், வீதி மறியல் ஆகியவை அதற்குள் வராதென்று வெளிப்படையாக எழுதுங்கள். தடுத்துவைக்கும் கட்டளையை அமைச்சரிடமோ செயலாளரிடமோ விடாது, தொடக்கத்திலிருந்தே நீதவானின் கையில் வையுங்கள்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு வாசி ஒருவர்