தழும்பைச் சுற்றி ஓடிய மின்சாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதது என் தப்புதான். உன் இரண்டு கடிதமும் மேசையிலேயே கிடக்கின்றன. வீட்டில் எல்லோரும் நலம். தம்பியும் இப்போது நலம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அழுதால் உதடு நீலமாகிவிடுவான் என்று எப்போதும் அவனுக்கே பந்தை விட்டுக்கொடுப்பாயே, அந்த டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக்குறைக்கு மூன்று வயதில் ஆபரேஷன் ஆனது. இதயத்திலிருந்த ஓட்டையை அடைத்தார்கள், ரத்தம் நுரையீரலுக்குப் போகும் வழியை அகலமாக்கினார்கள். அத்தோடு தீர்ந்தது என்று முப்பது வருஷம் நம்பிவிட்டோம்.

போன மார்ச்சில் படபடப்பு. படுத்திருந்தாலும் நாடி 150, மாடி ஏறினாலும் 150. முதலில் பார்த்த டாக்டர் பதற்றம் என்று தூக்க மாத்திரை எழுதினார். எனக்கு இன்னும் ஆறவில்லை, டா. பதற்றமென்றால் ஏறும், இறங்கும். இப்படி ஒரே எண்ணில் நிற்குமா? இதயத்தின் மேலறை நிமிஷத்துக்கு 300 தடவை துடிக்க, இரண்டுக்கு ஒன்றுதான் கீழறைக்கு இறங்கியிருக்கிறது. அத்தனையும் இறங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்தாம்.

அன்று ஆபரேஷனுக்காக மேலறையில் போட்ட வெட்டுதான் காரணம். இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரம் தழும்புக்குள் பாயாது. அதனால் செக்குமாடு மாதிரி அதையே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவனைக் காப்பாற்றிய அதே வெட்டு!

சரி, அப்லேஷன் செய்தார்கள், அதாவது மின்சாரம் சுற்றும் வழியைச் சுட்டு அடைப்பது. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, மின்சாரம் ஓடும் வழியை வரைபடம் எடுத்தார்களாம். முடிந்ததும் டாக்டர் அதைக் காட்டினார். தழும்பு சாம்பல் நிறம். சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று மின்சாரம் போன வரிசை. கடைசி ஊதா மறுபடி முதல் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தழும்புக்கும், உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. அதன் குறுக்கே புள்ளி புள்ளியாகச் சுட்டு அடைத்திருக்கிறார்கள். சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஓட்டம் அறுந்து, துடிப்பு 78-க்கு வந்துவிட்டதாம். அந்தப் படத்தை விட்டு என் கண்ணை எடுக்க முடியவில்லை.

வேறு சந்து வழியாகத் திரும்ப வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயுசு முழுக்க சோதனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், உன் அக்கா மகளுக்கும் இதே ஆபரேஷன்தானே? டாக்டர் என்றாலே நீ காத தூரம் ஓடுபவன், அது உன்னோடு இருக்கட்டும். பிறவி இதயக்குறை பார்க்கும் டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போ. படபடப்பு இல்லை என்று அவள் சொன்னாலும் போ. கடைசியாக ஈசிஜி எடுத்தது எப்போது என்று கேட்டு, உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்