மலைக்கிராமக் கர்ப்பிணிகளும் 19 வயது நிபந்தனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி வழங்கப்படுகிறது. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி என்பவை இதற்கான நிபந்தனைகள். இளவயதுத் திருமணத்தைத் தடுக்கும் நோக்கம் சரியானதே. ஆயினும், ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் பதினேழு வயதில் கருவுற்றுவிட்ட பழங்குடிப் பெண்ணுக்குத்தான் இரத்தசோகையும் குறைப்பிரசவமும் நேரும் வாய்ப்பு கூடுதல் என்னும்போது, சத்துணவுக்கான பணத்தை அவளுக்கு மட்டும் மறுப்பதால் எந்தத் திருமணம் தடுக்கப்படுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. திருமணத்தை முடிவு செய்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை அச்சம். பதினெட்டு வயது நிறையாத பெண் கருவுற்று வந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியது மருத்துவரின் கடமை. தராவிட்டால் அவரே தண்டனைக்கு உள்ளாவார். கணவன் சிறைக்குப் போய்விடுவான் என்று அஞ்சும் குடும்பங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தை மறைக்கின்றன, அல்லது வயதைக் கூட்டிச் சொல்கின்றன. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தரப்படும் பிக்மி எண் இல்லாமல் மாதங்கள் ஓடி, வலி கண்ட பிறகே மலையிலிருந்து இறங்குகிறார்கள். கருவைக் கலைக்க விரும்பும் சிறுமியின் நிலை இன்னும் மோசம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுமியருக்கு 24 வாரம் வரை அனுமதி அளித்திருந்தும், மறைப்பதிலேயே அந்தக் காலம் கழிந்துவிடுகிறது.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று ஒரு வழி காட்டியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பு. வன்கொடுமைக்கு ஆளான சிறுமிக்கும் இது பாதுகாப்பே தவிர, குற்றவாளிக்குச் சலுகை அல்ல. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும்.

எனவே, பழங்குடிப் பகுதிகளிலேனும் வயது, பிரசவ எண்ணிக்கை நிபந்தனைகளை அரசு தளர்த்த வேண்டும். மேற்கண்ட தீர்ப்பை விளக்கும் சுற்றறிக்கையைச் சுகாதாரத் துறை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருப்பத்தூர் மாவட்டம்.